மலைப் பந்தயத்துக்கு எடுத்துப் போன பிள்ளை

பாறசாலை ரயில்வே ஸ்டேஷனிலிருந்து செறுவாரக்கோணம் போகிற வழியில், கூப்பிடு தூரத்தில் ரத்னபாயின் வீடு. அந்த வீடு நிற்கிற பத்து சென்ட் அவளுடைய அப்பாவுக்கு நிலச்சட்டத்தில் கிடைத்தது. அதற்கு முன்னால் அவர்கள் ஒரு பெரிய வீட்டுக்காரரின் தென்னந்தோப்பு மூலையில் குடிகிடப்பாக இருந்தார்கள். அடுத்தவர் மண்ணில் ஓலைக்குடில் கட்டி, கூப்பிட்ட வேலைக்கெல்லாம் போய், விழுந்த ஓலையைக்கூடக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். சட்டம் வந்து, அளக்கிற ஆள் சங்கிலி இழுத்து நான்கு மூலையிலும் கல் நட்டுப் போன பிறகும் அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. பெரிய வீட்டு வாசலைத் தாண்டும்போது தோளில் கிடக்கிற தோர்த்துத் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டேதான் தாண்டினார். இரண்டு மழைக்காலம் அந்தக் கற்களைச் சுற்றிப் புல் செதுக்கினார். மூன்றாவது மழையில் காய்ச்சல் வந்து போய்ச் சேர்ந்தார்.

அம்மா வெகு முன்பே போய்விட்டாள். அப்பா போனபோது ரத்னபாய்க்குப் பதினாலு வயது, தம்பி ஜெயதாசுக்கு ஆறு. அவனைக் குளிப்பாட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி, காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்து வளர்த்தது அவள்தான். காலையில் அண்டியாபீசுக்குப் போவாள். முந்திரிக்கொட்டை உடைக்கிற தொழிற்சாலைக்கு அங்கே அண்டியாபீஸ் என்றுதான் பெயர். தோட்டில் இருக்கிற எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் வெந்து கறுத்துவிடும். பெண் பார்க்க வந்த ஒன்றிரண்டு பேரும் காப்பி டம்ளரை நீட்டின அவள் கையைத்தான் முதலில் பார்த்தார்கள். பிறகு வருவதும் நின்றுபோனது. அவள் அதைப் பற்றி யாரிடமும் பேசினதில்லை.

ஜெயதாஸ் வளர்ந்து, சந்தைப் பக்கம் இருந்த போர்மையில் வேலைக்குச் சேர்ந்தான். போர்மை என்றால் ரொட்டியும் பன்னும் வேகவைக்கிற சூளை. விடியும் முன்னே சூடு ஆறாத ரொட்டியைத் தகரப் பெட்டியில் அடுக்கி, பெட்டியைச் சைக்கிளில் கட்டி, வெள்ளறடை தாண்டி மலையோரக் கடைகளுக்கெல்லாம் கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். போகிற வழி முழுவதும் ஏற்றம். ரொட்டி நசுங்கக் கூடாது, நேரமும் தப்பக் கூடாது. இப்படி ஆறேழு வருஷம் மிதித்ததில் அவன் தொடை இரண்டும் தேக்குக்கட்டை மாதிரி ஆகிவிட்டன.

அந்தக் காலத்தில் மலையோர ஊர்களில் கிளப்புகள் முளைத்துக்கொண்டிருந்தன. ஓணத்துக்கும் கிறிஸ்மசுக்கும் வடமிழுப்பு, வழுக்குமரம், சைக்கிள் பந்தயம் எல்லாம் வைப்பார்கள். கள்ளிக்காட்டில் அணைப் பக்கம் தொடங்கி, ரப்பர் தோட்டங்களுக்கு ஊடே ஜீப் ஏறுகிற கல்பாதையில் ஏறி, இரண்டு இடத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடையைக் கடந்து, அம்பூரிப் பள்ளிக்கூட மைதானத்தில் முடிகிற பந்தயம்தான் பெரிது. ஓடுகிற சைக்கிள் எல்லாம் பாரச் சைக்கிள்தான். மட்கார்டு, காரியர், மணி, செயின் மூடி எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவார்கள். ஜெயதாஸ் ஒரு தடவை சும்மா பார்க்கப் போய், அடுத்த தடவை ஓட்டப் போனான். கோட்டுகால் பக்கம் கடலோரமாகச் சமநிலத்தில் நடக்கிற பந்தயத்துக்கு யாராவது கூப்பிட்டால், "ஏத்தம் இல்லாத்தது எல்லாம் ஒரு பந்தயமாவே?" என்று சிரிப்பான்.

ரொட்டி கொண்டு போகிற வழியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. அங்கே நர்சாக இருந்தவள் லீலாபாய். தினமும் ரொட்டி எண்ணி வாங்க வந்தவள், ஒரு நாள் எண்ணாமலேயே வாங்கிக்கொண்டு போனாள். அதிலிருந்து தொடங்கியது. சபையில் அறிவிப்பு ஓலை வாசித்து, கல்யாணம் நடந்து, மறு வருஷம் ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. விமலகுமாரி என்று பெயர் வைத்தார்கள். வீட்டில் விமலி.

பிள்ளைக்குப் பத்து மாதம் ஆனபோது லீலாபாய்க்குக் குவைத்தில் வேலை கிடைத்தது. அந்த ஊரில் அதுவரை கப்பலேறிப் போனவர்கள் எல்லாம் ஆண்கள். வீட்டுக்காரியை அனுப்பிவிட்டு வீட்டுக்காரன் இருப்பதா என்று சபையில் முணுமுணுப்பு வந்தது. ஜெயதாஸ் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போவதற்கு இரண்டு வாரம் முன்னாலிருந்து லீலாபாய் மார்க்காம்பில் வேப்பெண்ணெய் தடவினாள். பிள்ளை வாயை வைத்து, முகத்தைச் சுளித்து, அழுது, மறுபடியும் வாயை வைக்கும். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து அவளும் அழுவாள். புறப்பட்ட அன்று அவள் பிள்ளையைப் புருஷன் கையில் கொடுக்கவில்லை. ரத்னபாயிடம் வந்தாள்.

"மைனி, ஒங்க கையிலயாக்கும் தாறேன்."

"நீ பேடிக்காம போயிட்டு வா லீலா. நான் உண்டு."

அன்றோடு ரத்னபாய் அண்டியாபீஸ் போவதை நிறுத்தினாள். விரலில் கறை இருக்கும் வரை பிள்ளையின் கன்னத்தைத் தொடப் பயந்து, புறங்கையால்தான் தடவினாள். தேங்காயெண்ணெய் போட்டுப் போட்டு, ஓணம் வருவதற்குள் தோல் உரிந்து புதுத்தோல் வந்தது.

லீலாபாய் போன பிறகு ஜெயதாஸ் பேச்சைக் குறைத்துவிட்டான். ரொட்டி கொண்டு போவான், வருவான், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். ஓணப் பந்தயத்துக்கு ஆள் சொல்லிவிட்டபோது போகவில்லை என்றான்.

"என்ன எலே, காலு செத்துப் போச்சா?" என்றாள் ரத்னபாய்.

"கைப்பிள்ளைய விட்டிட்டு மலைக்குப் போயி நான் என்னத்துக்கு அக்கா சைக்கிள் சவிட்ட?"

"நீ போயி சவிட்டு. பிள்ளைய நான் கொண்டு வாறேன். அவ அப்பன் ஓட்டத அவ பாக்கண்டாமா?"

தம்பியை எழுப்ப வேண்டும் என்றுதான் அப்படிச் சொன்னாள். வெள்ளறடைக்கு அப்பால் அவளே போனதில்லை.

ஜெயதாஸ் முந்தின நாளே சைக்கிளில் போய்விட்டான். ரத்னபாய் விடியற்காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டி, ஏத்தவாழைக்காய்ப் பொடியில் கூழ் காய்ச்சி ஒரு தூக்கில் ஊற்றி, மட்டிப்பழம் நாலு, பழைய வேட்டியைக் கிழித்த துணி ஒரு மூட்டை, குடை ஒன்று எல்லாம் எடுத்துக்கொண்டு ட்ரான்ஸ்போர்ட் பஸ் ஏறினாள். வளைவு தொடங்கினதும் பிள்ளை கூழை முழுவதும் அவள் மாரில் கக்கிவிட்டது. கக்கி முடித்து அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தது. பக்கத்து சீட்டுக்காரி தண்ணீர் கொடுத்துவிட்டு, "மகளா?" என்று கேட்டாள்.

"இல்ல, தம்பிக்க பிள்ள. அம்மை குவைத்தில."

வெள்ளறடையில் இறங்கி இன்னொரு பஸ், அதற்கப்புறம் ஒரு மைல் நடை. இடுப்பில் பிள்ளை, தலையில் தோர்த்து, கையில் தூக்கு. மைதானத்தில் கூட்டம் அதிகம். அதனால் பந்தயப் பாதையின் கடைசி வளைவில், அம்மிணி என்பவள் நடத்திய சாயாக்கடை ஓரமாகப் போய் நின்றாள். முதல் சைக்கிள்கள் வந்தன. ஒவ்வொருவனும் செம்மண் பூசின உருவமாக, வாயைப் பிளந்துகொண்டு, சீட்டில் உட்காராமல் நின்று மிதித்து வந்தான். ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ ஜெயதாஸ் வந்தான். பிள்ளையைப் பார்த்ததும் அவன் முகம் மாறினது ரத்னபாய்க்கு நன்றாகத் தெரிந்தது. லீலாபாய் போன நாளிலிருந்து அவள் தேடின முகம் அது.

"சவிட்டு தாசு, சவிட்டு!" என்று கத்தினாள். தன் தொண்டையில் இவ்வளவு சத்தம் இருந்தது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

அன்று அவன் மூன்றாவதாக வந்தான். அதற்குப் பிறகு ஒரு பந்தயம் தவறவில்லை. அம்பூரியில், கள்ளிக்காட்டில், அக்கம்பக்கத்து மலைகளில் எங்கே கிளப்காரர்கள் பந்தயம் வைத்தாலும் ஜெயதாஸ் சைக்கிளில் முன்னால் போவான், ரத்னபாய் பிள்ளையோடு பின்னால் பஸ்ஸில் போவாள். விமலி பஸ்ஸில் நிற்கப் பழகினாள், பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்து ஆடப் பழகினாள். பேச்சு வந்தபோது முதலில் வந்த நாலைந்து வார்த்தைகளில் ஒன்று "சவித்து". எந்தச் சைக்கிளைக் கண்டாலும், தபால்காரன் போனாலும், மீன்காரன் போனாலும், இரண்டு கையையும் தூக்கி "சவித்து! சவித்து!" என்று கத்துவாள். மலைப் பாதையில் நிற்கிறவர்கள் பந்தயத்தை விட்டுவிட்டு அவளைப் பார்ப்பார்கள். அம்பூரி ரப்பர் வெட்டுக்காரன் குட்டப்பன் ஜெயதாசுக்கு எப்போதும் எதிரி. அவன்கூட வளைவில் அவளைத் தாண்டும்போது, "நான்தான் முன்னே, எனக்கும் சொல்லு மோளே" என்று கூவிக்கொண்டே போவான்.

ரத்னபாய்க்கு அந்தப் பயணங்கள் வேண்டியிருந்தன. ஒரு பந்தயம் முடிந்து திரும்புகிற பஸ்ஸிலேயே அடுத்தது எப்போது என்று மனம் கணக்குப் பார்க்கும். வீட்டில் அவள் எல்லாருக்கும் தெரிந்த ரத்னபாய், கல்யாணம் கெட்டாமல் நின்றுபோன ரத்னபாய். மலையில் அவளை யாருக்கும் தெரியாது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, புருஷன் வருவதைப் பார்க்க நிற்கிற ஒரு பெண் என்றுதான் நினைத்தார்கள். முதலில் எல்லாரிடமும் திருத்திச் சொன்னாள். அப்புறம் கேட்டவர்களிடம் மட்டும் திருத்தினாள். அப்புறம் பஸ்ஸில் யாராவது, "மகளுக்கு ஒங்க மூக்காக்கும்" என்று சொன்னால், வெளியே பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். அத்தையின் மூக்கு பிள்ளைக்கு வரக் கூடாது என்று இல்லையே.

வீட்டில் அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. தினமும் காலையில் லீலாபாயின் போட்டோவைக் காட்டி, "இதாக்கும் அம்மை. அம்மைக்கு முத்தம் குடு" என்பாள். பிள்ளை கண்ணாடியில் எச்சில் பட முத்தம் கொடுக்கும். ரத்னபாயை 'மாயி' என்று கூப்பிடும். அத்தையை அங்கே மாமி என்பார்கள்; அதைச் சொல்லத் தெரியாத நாக்கு.

அடுத்த ஓணத்துக்கு அம்பூரியில் என்றைக்கும் இல்லாத கூட்டம். அம்மிணியின் கடை வாசலில் நெருக்கியடித்து நின்றபோது, ஒரு நொடி குடையை மடக்க ரத்னபாய் பிள்ளையிடமிருந்து கையை எடுத்தாள். பிள்ளையைக் காணவில்லை. கால்களுக்கு ஊடே குனிந்து குனிந்து தேடினாள். கடைக்குப் பின்னால் விறகு அடுக்கின இடத்திலிருந்து, "அம்மே! அம்மே!" என்று சத்தம் வந்தது. ஏதோ ஒரு பிள்ளை என்று நினைத்து அவள் தாண்டிப் போய்விட்டாள். அம்மிணிதான் பிடித்து நிறுத்தினாள்.

"எங்கோட்டு ஓடுந்நு பெண்ணே? நின்றெ குஞ்ஞல்லே நின்னை விளிக்குந்நது!"

உன் குழந்தைதானே உன்னைக் கூப்பிடுகிறது என்றதும் திரும்பிப் பார்த்தாள். விறகுக்கு நடுவே விமலி நின்றுகொண்டு, மூக்கு ஒழுக, அவளைப் பார்த்துத்தான் அம்மே என்று கத்திக்கொண்டிருந்தாள். ரத்னபாய் வாரி எடுத்தாள். "மாமியாக்கும் மக்கா, மாமி" என்று சொல்ல வாயெடுத்தாள். பிள்ளையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

அன்றைக்குத்தான் ஜெயதாஸ் முதலாவதாக வந்தான். வந்த வேகத்தில் மைதானத்துப் புல்லில் விழுந்தவனுக்கு இரண்டு காலிலும் சதை பிடித்துக்கொண்டது. இரண்டாவதாக வந்த குட்டப்பன்தான் உட்கார்ந்து அவன் காலைத் திருமி நீவிக்கொண்டிருந்தான். மேடையில் மைக்கைப் பிடித்திருந்த வாத்தியார் தாணுமாலயன் அழைத்தார்.

"ஒண்ணாம் ஸ்தானம் பாறசாலை ஜெயதாஸ்! ஜெயதாசின்றெ பார்யயும் குஞ்ஞும் ஸ்டேஜிலேக்கு வரணும்!"

மனைவியும் குழந்தையும் மேடைக்கு வரச் சொல்கிறார்கள். கூட்டம் வழி விட்டது. யாரோ பின்னாலிருந்து மெல்லத் தள்ளினார்கள். ரத்னபாய் பிள்ளையோடு ஏறிப் போய்க் கப்பை வாங்கினாள். கைதட்டல் கேட்டு விமலியும் கை தட்டினாள்.

திரும்பி வரும்போது பஸ் நிற்கிற இடம் வரை ஜெயதாஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே நடந்தான். "அக்கா, ஒன்னைய எனக்க கெட்டியோளா ஆக்கிட்டினும்" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தான்.

"பின்ன, மைக்கப் பிடிச்சு நான் குடும்பக்கத செல்லட்டுமா?" என்று அவளும் சிரித்தாள்.

அவளுக்குக் கெட்டியோள் என்கிற பேச்சு ஒரு பொருட்டாகவே இல்லை. தன் பெயரில்லாத அந்த அழைப்பில், தன்னையும் பிள்ளையையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்னார்களே, அதுதான் பஸ் முழுவதும் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து மறுநாள் காலையில் போட்டோவை எடுத்தபோது லீலாபாயின் கண்ணைப் பார்க்க முடியவில்லை. அன்றும் முத்தம் கொடுக்க வைத்தாள். ஆனால் பிள்ளை இப்போது போட்டோவையும் அம்மை என்றது, அவளையும் அம்மை என்றது. போட்டோ அழாது, தூக்காது, சோறு ஊட்டாது. எந்த அம்மை எது என்று பிள்ளைக்கு ஒரு குழப்பமும் இல்லை.

அந்தக் கிறிஸ்மசுக்கு லீலாபாய் லீவில் வந்தாள். நைலான் சேலையும் வாசனைப் பவுடருமாக முற்றத்தில் இறங்கி, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, "எனக்க பொன்னே!" என்று ஓடி வந்தாள். விமலி ரத்னபாயின் சேலைக்குள் தலையை நுழைத்துக்கொண்டாள். லீலாபாய் பொம்மை காட்டினாள், மிட்டாய் காட்டினாள். மிட்டாயை வாங்கிக்கொள்ளும், ஆளிடம் போகாது. குளிப்பாட்டப் போனால் அலறும். பக்கத்தில் படுக்கப் போட்டால் எழுந்து ரத்னபாயின் பாய்க்கு ஓடும். லீலாபாய் யாரிடமும் கோபப்படவில்லை. ஒரு நாள் கிணற்றங்கரையில் துணி அலசிக்கொண்டே கேட்டாள்.

"மைனி, அது ஒங்கள என்னன்னு விளிக்கும்?"

ரத்னபாய் வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினாள். லீலாபாய் மறுபடி கேட்கவில்லை.

கிறிஸ்மஸ் பந்தயத்துக்கு லீலாபாய் தானும் வருவதாகச் சொன்னாள். குவைத்தில் இருந்த நாளெல்லாம் கடிதத்தில் படித்த பந்தயம். ஆக, மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். ரத்னபாய் வழக்கமாக உட்காரும் ஜன்னலோரத்தை லீலாபாய்க்குக் கொடுத்தாள். பிள்ளையை அவள் மடியில் வைத்தாள். அமரும் முன்னே விமலி வழுக்கி இறங்கி ரத்னபாயிடம் வந்துவிட்டாள். மறுபடி வைத்தாள், மறுபடி வந்தாள். வளைவுகளில் பிள்ளை கக்கி நனைத்தது பக்கத்தில் இருந்த லீலாபாயின் சேலையைத்தான். "சாரமில்ல, பரவாயில்ல" என்று அவள் சந்தோஷத்தோடு துடைத்தாள். பிள்ளை தன்மேல் கக்கினதுகூட அவளுக்கு ஒரு பெரிய காரியமாக இருந்தது.

அம்மிணியின் கடைக்குப் போனதும் அம்மிணி நெய்யப்பம் எடுத்துக் கொடுத்துவிட்டு, லீலாபாயை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இது ஆரா ரத்னம்? நாத்தூனோ?"

லீலாபாய் ரத்னபாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மிணியிடம் இந்த ஒன்றேகால் வருஷத்தில் ரத்னபாய் பொய்யாக எதையும் சொன்னதில்லை. உண்மையையும் சொன்னதில்லை.

"இவளாக்கும் பிள்ளைக்க அம்மை," என்றாள். "நான் அப்பனுக்க அக்கா."

அம்மிணி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த முதுகைப் பார்க்க ரத்னபாயால் முடியவில்லை. லீலாபாயின் முகத்தையோ பார்க்கவே முடியவில்லை. பிள்ளையை இடுப்பிலிருந்து கழற்றி, பிடிவாதமாக லீலாபாயின் கையில் கொடுத்தாள்.

"எனக்கு மேல ஒரு ஆளக் காணணும். நீ இவள வச்சுக்க. அழுது கரஞ்சா கரையட்டு, கேட்டியா? நான் வாற வரைக்கும் விடாத."

மேலே அவளுக்குக் காண ஆள் ஒருவரும் இல்லை. பாதையை விட்டு ரப்பர் மரங்களுக்குள் ஏறிப் போனாள். கொஞ்ச தூரத்திலேயே பின்னால் அழுகை தொடங்கிவிட்டது. "அம்மே! அம்மே!" என்று பிள்ளை வீரிட்டது. கடை தெரியாத இடத்துக்குப் போயும் சத்தம் தெளிவாகக் கேட்டது. ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெட்டுப்பட்ட பட்டையிலிருந்து ரப்பர்ப்பால் அவள் சேலையில் வடிந்தது. இதோ மூச்சுத் திணறுகிறது, இதோ இருமல் வருகிறது, இப்போது முதுகைத் தட்ட வேண்டும், லீலாவுக்கு அது தெரியுமா என்று ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் உடம்பு கீழே இறங்கப் பார்த்தது. இறங்கவில்லை.

பந்தயப் பாதை கடை வளைவுக்கு வரும் முன்னே அவள் நின்ற இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் வந்தது. முதல் ஆளாகக் குட்டப்பன் போனான். அவனுக்குப் பின்னால் ஜெயதாஸ் வந்தான். மரங்களுக்கு நடுவே தனியாக நிற்கிற அக்காவைப் பார்த்ததும் சைக்கிளைத் தடுமாறி நிறுத்தினான்.

"அக்கா! பிள்ள எங்க?"

"அவளுக்க அம்மைகிட்ட. நீ நிக்காத, சவிட்டு!"

அவன் ஒரு காலை ஊன்றிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தான். கீழேயிருந்து அழுகை ஏறி வந்தது. அவனுக்குப் புரிந்துவிட்டது. ஏதோ சொல்ல வந்தான். அதற்குள் இரண்டு பேர் அவனைத் தாண்டிப் போனார்கள்.

"போ எலே!" என்று அவள் அதட்டினாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு விரட்டின அதே அதட்டல்.

அவன் போனான். எல்லாச் சைக்கிளும் போய்த் தூசி அடங்கினபோது, கீழே சத்தம் இல்லை. ரத்னபாய் காது கொடுத்துக் கேட்டாள். ஒன்றும் இல்லை. அழுகை கேட்டபோது தாங்க முடிந்தது, அது நின்றுபோனதைத்தான் தாங்க முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

இறங்கி வந்தபோது லீலாபாய் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை அவள் தோளில் வாயைத் திறந்துகொண்டு தூங்கியது. கன்னத்தில் அழுத கோடுகள். லீலாபாயின் கன்னத்திலும் அப்படியே.

"ஒறங்கிட்டு மைனி," என்று மூச்சை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

"ஒறங்கட்டு. கழுத்துக்குக் கையக் குடு," என்றாள் ரத்னபாய்.

பங்குனி பிறக்கும் முன்னே லீலாபாயும் ஜெயதாசும் பிள்ளையும் குவைத்துக்குப் புறப்பட்டார்கள். ஜெயதாசுக்கும் அங்கே ஒரு ரொட்டிக் கம்பெனியில் வேலை சொல்லி வைத்திருந்தாள் லீலாபாய். போகும் முன்னே அவன் சைக்கிளைக் குட்டப்பனுக்குக் கொடுத்துவிட்டான். அக்காவிடம் ஒன்றும் சொல்லத் தெரியாமல், புறப்படுகிற காலையில் வீட்டுக் கூரையில் பெயர்ந்திருந்த ஓட்டைச் சரிசெய்துகொண்டிருந்தான். கார் வந்து நின்றபோது விமலி லீலாபாயின் இடுப்பில் இருந்தாள். கார் ஏறப் போகிற குதூகலம். ரத்னபாயைப் பார்த்துக் கை நீட்டி, "அம்மை வா, வண்டி!" என்றாள். லீலாபாய் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மாமி பொறவு வாறேன் மக்கா," என்றாள் ரத்னபாய்.

பிறகு அவள் அண்டியாபீசுக்குத் திரும்பிப் போனாள். சபையில் பாலவாடி தொடங்கி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அவளைக் கூப்பிட்டார்கள். கை நன்றாக இருக்கும், வேலையும் லேசு. மாட்டேன் என்றுவிட்டாள். ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. பணம் வந்தது, பத்து சென்டில் கான்கிரீட் வீடு எழும்பியது, அதில் அவள் ஒருத்தி இருந்தாள். மாலையில் ரோட்டில் சைக்கிள் மணி கேட்டால் தானாக இடுப்பு ஒரு பக்கமாகச் சாயும், அங்கே யாரோ ஏறி இருப்பதுபோல.

நாலு வருஷம் கழித்து அவர்கள் விடுமுறைக்கு வந்தார்கள். ஜெயதாசுக்கு வயிறு வைத்திருந்தது. விமலிக்கு ஏழு வயது. கால்வரை சாக்ஸ், நெற்றியில் வெட்டின முடி, பேச்சில் பாதி ஆங்கிலம். முற்றத்தில் நின்று, சொல்லிக் கொடுத்த மாதிரி, "மாமி, சுகம்தானே?" என்று கேட்டாள். ரத்னபாய் சுகம்தான் என்றாள்.

ஒரு நாள் மத்தியானம் அடுக்களையில் அச்சப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். லீலாபாய் மாவு கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். விமலி படியில் உட்கார்ந்து, ஆறின அச்சப்பத்தை ஒவ்வொரு வளையமாக ஒடித்துத் தின்றாள்.

"மாமி, எனக்கு இவிட ஒரு ஓர்ம உண்டு," என்றாள் திடீரென்று, ஏதோ நினைவு வந்தவளாக. "ஒரு மல. நிறைய சைக்கிள். அப்பா வாறாரு. அம்மை என்னை எடுத்துண்டு நிக்கா."

லீலாபாயின் கை மாவில் நின்றது. "மோளே, அது..."

"செல்லட்டு லீலா," என்றாள் ரத்னபாய். அச்சை எண்ணெயில் முக்கினாள். "பின்ன, மக்கா?"

"ஒரு பட்டி வந்தது. வெள்ளப் பட்டி, ஒரு காது இல்ல. என் கால நக்கிச்சு. நான் கரஞ்சேன். அம்மை செருப்பக் கழற்றி எறிஞ்சா. செருப்பு ஓடையில போச்சு!" விமலிக்குச் சிரிப்புப் பொங்கியது. "அம்மை ஒரு செருப்போட நடந்தா. இங்ஙன, இங்ஙன. நான் சிரிச்சேன். அம்மையும் சிரிச்சா. ஒத்திரி சிரிச்சா."

ரத்னபாய் அந்த நாயையும் செருப்பையும் அடியோடு மறந்துபோயிருந்தாள். இப்போது எல்லாம் வந்தது. நொண்டி நொண்டி பஸ் நிற்கிற இடம் வரை நடந்தது, இடுப்பில் பிள்ளை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது, அந்தச் சிரிப்பைக் கேட்பதற்காகவே அவள் இன்னும் அதிகமாக நொண்டியது. எண்ணெயில் அச்சப்பம் கரிந்தது.

பிள்ளை முற்றத்துக்கு ஓடின பிறகு லீலாபாய் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "அது நீங்களாக்கும் மைனி. நான் அவகிட்ட செல்லுவேன்."

"வேண்டாம்."

"எதுக்கு வேண்டாம்? எனக்கு இல்லாத்த ஒண்ண நான் எடுக்கதா?"

"நீ எடுக்கல்ல. அவ தந்தது." ரத்னபாய் கரிந்த அச்சப்பத்தை அச்சிலிருந்து தட்டி எடுத்தாள். "அந்த மலையில அவளுக்கு ஒரு அம்மை உண்டு லீலா. நீ போயி அது மாமியாக்கும்னு சென்னா, பின்ன அவ என்னத்த ஓர்ம வைப்பா? அது அங்ஙனயே இருந்திட்டுப் போட்டு."

லீலாபாய் மறுபடியும் மாவைக் கலக்கத் தொடங்கினாள். அவர்கள் ஊரில் இருந்த மீதி நாட்களில் அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மறுநாள் விமலி மறுபடியும் அடுக்களைப் படியில் வந்து உட்கார்ந்தாள். ரத்னபாய் மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்.

"மக்கா, அந்தப் பட்டிக்கத இன்னும் ஒருக்கக்கூடி மாமிக்குச் செல்லு பாப்பம்."

விமலி முதலிலிருந்து தொடங்கினாள்.